பர்சனல் கம்ப்யூட்டரை ஐபிஎம்மை முந்திக்கொண்டு பொழுதுபோக்குக்காரர்கள் எப்படிக் கொண்டுவந்தார்கள்?

கேள்வி இதுதான்: பணமும் இன்ஜினியர்களும் குவிந்து கிடந்த ஐபிஎம் போன்ற கம்பெனிகள் இருக்க, வீட்டு கார் ஷெட்டில் கூடிய ஹேக்கர்கள் (இங்கே திருடர்கள் அல்ல, ஆசைக்காக மெஷினை நோண்டுகிறவர்கள்) கையில் பர்சனல் கம்ப்யூட்டர் எப்படிப் போனது?

பெரிய கம்பெனிகள் செய்யவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் 1973-லேயே மௌஸும் படம் காட்டும் திரையுமாக ஆல்ட்டோ என்ற கம்ப்யூட்டர் இருந்தது. அது கடைக்கு வரவில்லை. ஐபிஎம் 1975 செப்டம்பரில் 5100 என்ற மேஜைக் கம்ப்யூட்டரை விற்பனைக்கே கொண்டுவந்தது. விலை கிட்டத்தட்ட 9,000 டாலரில் ஆரம்பித்து 20,000 வரை. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் "இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்கத்தான் செய்வார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தப் பதில் யாரிடமும் இல்லை. ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் யோசனையோடு தன்னிடம் வந்ததை, சிப் செய்யும் இன்டெல் கம்பெனியின் கார்டன் மூர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். சமையல் குறிப்பு சேர்த்து வைப்பதைத் தவிர வேறு உபயோகம் எதுவும் சொல்லப்படவில்லையாம். திட்டம் அதோடு சரி.

ஹேக்கர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதனால்தான் அவர்கள் முந்தினார்கள் என்பது என் கருத்து.

1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. (அட்டையில் இருந்தது வெறும் டப்பா. அசல் மாதிரி பார்சலில் தொலைந்துவிட்டது.) செய்தது நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் இருந்த எம்ஐடிஎஸ் என்ற சின்னக் கம்பெனி. கால்குலேட்டர் விலைப்போட்டியில் அடிவாங்கிக் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் முதலாளி எட் ராபர்ட்ஸ், சில்லறையில் 360 டாலர் விற்ற இன்டெல் 8080 சிப்பைப் பேரம் பேசி மொத்தமாக 75 டாலருக்கு வாங்கினார். அதனால்தான் நாமே பூட்டிக்கொள்ளும் முழு கிட்டையும் 397 டாலருக்குக் கொடுக்க முடிந்தது. சிப்புக்குக் கொடுக்கும் காசில் கம்ப்யூட்டரே கிடைக்கிறது என்றால் விடுவார்களா? சில நூறு விற்றால் பிழைத்தோம் என்றிருந்தவருக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தது.

வாங்கினவர்களுக்குக் கிடைத்தது பை பையாக உதிரி பாகங்கள். உட்கார்ந்து சால்டர் செய்து முடித்தாலும் கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, மெமரி 256 பைட். முன்பக்கத்தில் வரிசையாக சுவிட்சுகள், சிவப்பு விளக்குகள். எட்டு சுவிட்சைத் தட்டி ஒரு பைட்டை அமைத்து, டெபாசிட் சுவிட்சைத் தட்டினால் அது உள்ளே போகும். அப்புறம் அடுத்த பைட். காலேஜில் 8085 சிப் வைத்து லேப் செய்தவர்களுக்கு, எண்களும் சில எழுத்துகளும் மட்டும் உள்ள அந்த ஹெக்ஸ் கீபேடே எரிச்சலாக இருந்திருக்கும், எனக்கு இருந்தது. ஆல்டேர்காரர்களுக்கு அது சொகுசு.

1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் வீட்டு கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டம் அது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஸ்டீவ் டாம்பியர் தன் ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவிட்சைத் தட்டித் தட்டி ஒரு புரோகிராமை ஏற்றினார். யாரோ ஒயரைத் தடுக்கிவிட, கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பக்கத்தில் வைத்திருந்த சாதாரண ரேடியோவில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று கேட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒயரே இல்லை. ஆல்டேரிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சலை ரேடியோ பிடிக்கும். புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் நேரத்தை மாற்றினால் சுருதி மாறும். கூட்டம் கைதட்டித் தீர்த்துவிட்டது. எந்தக் கம்பெனி இதற்கு பட்ஜெட் ஒதுக்கும்?

இப்படி விளையாடியவர்களுக்கு அடுத்து தேவைப்பட்டது சுவிட்ச் தட்டாமல் புரோகிராம் எழுத ஒரு மொழி. பில் கேட்ஸும் பால் ஆலனும் மான்டி டேவிடாஃபும் ஆல்டேருக்கு பேசிக் என்ற எளிய புரோகிராம் மொழியை எழுதினார்கள். எம்ஐடிஎஸ் அதை மெமரி போர்டோடு சேர்த்து வாங்கினால் 75 டாலருக்கும், தனியாகக் கேட்டால் 500 டாலருக்கும் விற்றது. அந்த 4கே மெமரி போர்டுகளோ சரியாக வேலை செய்யாதவை. கோபம் வராமல் இருக்குமா? 1975 ஜூனில் பாலோ ஆல்டோ ஹோட்டல் ஒன்றில் நடந்த செயல்விளக்கத்திலிருந்து பேசிக்கைத் துளைகளாகப் பதிந்து வைத்திருந்த காகித நாடா ஒன்று மாயமானது. ஹோம்ப்ரூ கூட்டத்தில் அதன் நகல்கள் பெட்டியோடு வந்து இறங்கின. எடுத்துக்கொண்டு போகிறவர் நகல் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்து சதவீதம்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை என்பது அவர் குறை. உழைத்தவர் கூலி கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த பேசிக்கை ஊரெல்லாம் பழக்கிவிட்டது அந்தத் திருட்டு நாடாதான் என்பதும் நிஜம். டாம் பிட்மன் செய்தது எனக்குப் பிடித்த பதில்: டைனி பேசிக் என்று பேசிக்கின் சின்ன வடிவம் ஒன்றை எழுதி 5 டாலருக்கு விற்றார். திருட அவசியமே இல்லாத விலை, அவருக்கு வருமானமும் வந்தது.

முதல் கூட்டத்தில் இருந்த ஸ்டீவ் வாஸ்னியாக்கின் கதை எல்லோருக்கும் தெரிந்ததால் சுருக்கிவிடுகிறேன். 8080 கட்டுப்படியாகாமல் மலிவான 6502 சிப்பை வைத்து கம்ப்யூட்டர் செய்து, அதன் சர்க்யூட் படத்தை கிளப்பில் சும்மாவே கொடுத்தார். அவர் வேலை பார்த்த எச்பி (ஹியூலெட்-பேக்கர்ட்) கம்பெனி அதை வேண்டாம் என்றது. அதுதான் ஆப்பிள் 1. 1977-ல் வந்த ஆப்பிள் 2-வில் கலரும் ஒலியும் சேர்த்ததற்கு அவர் சொன்ன காரணம், பிரேக்அவுட் விளையாட்டை பேசிக்கில் எழுதி கிளப் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது!

"என்ன செய்வது?" என்பதற்கு வியாபாரிகள் ஒத்துக்கொள்ளும் பதில் 1979-ல் விசிகால்க் வடிவில் வந்தது. அந்தக் கணக்கு அட்டவணைக்காகவே ஆப்பிள் 2 வாங்கினார்கள். ஐபிஎம் தன் பிசியை 1981 ஆகஸ்டில்தான் இறக்கியது. அதற்குள் சிப் இன்டெலிடம், பேசிக் கேட்ஸின் கம்பெனியிடம் என்று எல்லாமே வெளியில் வாங்கக் கிடைத்தன.