முதியவர்களின் லிம்போசைட்டில் சோடியம் பம்ப்: அளவுகள் ஏன் தாறுமாறாக வருகின்றன?

முதியவர்களின் லிம்போசைட்டுகளில் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள்) சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் மந்தமாகத் தெரிகிறது, ஆனால் ஆளுக்கு ஆள் அளவு தாறுமாறாக மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வயதின் மேல் பழிபோடும் முன் ரத்தம் கொடுத்தவர்களின் மருந்துச் சீட்டைப் பாருங்கள். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர் ஒருவர் இருந்தாலும் கணக்கு கெடும். அந்த மருந்தின் வேலையே இந்தப் பம்பைத் தடுப்பதுதான்.

ரத்தத்தை ஐஸில் வைத்தீர்களா? குளிரில் பம்ப் ஏறக்குறைய நின்று, செல்லுக்குள் சோடியம் சேர்ந்துவிடும். பிறகு 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அந்தச் சோடியமே பம்பை வேகமாக ஓட்டும். எல்லா மாதிரிகளும் ஒரே அளவு நேரம் காத்திருந்தவையாக இருக்கட்டும்.

என் சந்தேகம் வேறு. லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கி, அனுபவமற்ற (இன்னும் கிருமியைச் சந்திக்காத) டி செல்கள் குறைந்து, நினைவு (முன்பு சந்தித்த) டி செல்களின் பங்கு கூடும். இந்த இரு வகைகளிலும் பம்பின் வேகம் வேறாக இருந்தால், மொத்த லிம்போசைட்டையும் சேர்த்து அளக்கும்போது இந்த விகித மாற்றமே பம்பின் முதுமை போலத் தோன்றலாம். இந்த இரு வகை டி செல்களையும் பிரித்து அளவிடுங்கள்.