97.6 எடுத்தும் கடைசி வாங்கா?

கேள்வி: அக்கா, ஹட்டனில் இருந்து ஈபே என்ற இணையச் சந்தையில் பழைய தபால் முத்திரைகள் விற்கிறேன். வாங்கினவர்கள் கருத்துப் போடும் பீட்பேக்கில் 41 பேர் நல்லது என்று போட்டிருந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன் கடிதம் பிந்திப் போனதென்று ஒரு ஜெர்மன்காரர் நெகட்டிவ் போட்டுவிட்டார், 100 சதவீதம் 97.6 ஆகிவிட்டது. அவருக்குத் திருப்பிப் போடவும் வழியில்லை. இது நியாயமா?

பதில்: தம்பி, திருப்பி அடிக்கிற ஆசையை முதலில் விடுங்கள். 2008 வரைக்கும் விற்பவரும் வாங்குபவருக்கு நெகட்டிவ் போடலாம். வாங்கினவர் குறை சொன்னால் இவரும் உடனே பதிலுக்குக் குத்துவார் என்ற பயத்தில், உடைந்த சாமான் கிடைத்தவர்கூட வாயை மூடிக்கொண்டு போனார். அதனால்தான் அடைத்தார்கள். விற்கிற எனக்கும் கசக்கிறது, ஆனால் அது சரியான முடிவுதான்.

எனக்குக் கோபம் அந்தச் சதவீதத்தின் மேல். கடந்த 12 மாதத்தில் வந்த நல்லதையும் கெட்டதையும் மட்டும் எடுப்பார்கள், இரண்டுமில்லாத நியூட்ரல் கணக்கில் வராது. 41ஐ 42ஆல் வகுத்தால் 97.6. 5000 நல்லதும் 20 கெட்டதும் வாங்கிய பெரிய கடைக்கு 99.6. கணக்கு சரி, ஆனால் 42 பேரை வைத்து ஒருவரை எடைபோட முடியுமா? அதுவும் ஈபே தரவை வைத்து நொஸ்கோ, டடேலிஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பார்த்தபோது விற்பவர்களின் சராசரியே 99.3, பாதிப்பேருக்கு முழு 100. மனம் நொந்தவர்களில் பலர் ஒன்றும் எழுதாமலே போய்விடுவதால் வருகிற உயரம் இது. பள்ளிக்கூடத்தில் 97 எடுத்தால் வீட்டில் கொண்டாடுவார்கள், அங்கே அது கடைசி வாங்கு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவருக்கு நேராக எழுதி மன்னிப்புக் கேளுங்கள். தபால் செலவைத் திருப்பிக் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், ஆனால் "மாற்றினால் காசு தருகிறேன்" என்று ஒரு வார்த்தை எழுதினாலும் அது விதிமீறல், உங்கள் கணக்குக்கே ஆபத்து. அவர் சமாதானமானால் பீட்பேக்கை மாற்றும்படி ஈபே வழியாகக் கோரிக்கை அனுப்பலாம். அது பீட்பேக் வந்து 30 நாளுக்குள் போக வேண்டும், அவருக்குப் பதில் சொல்ல 10 நாள். மறுத்தால் அதன் கீழேயே பதில் எழுதலாம். "இன்ன திகதியில் தபாலில் சேர்த்தேன், தாமதத்துக்கு வருந்துகிறேன்", அவ்வளவு போதும். அடுத்து வாங்க வருகிறவர் படிப்பது ஜெர்மன்காரரை விட உங்கள் குணத்தைத்தான்.

அப்புறம், அனுப்பத் தேவைப்படும் நாள் என்று என்ன போட்டிருக்கிறீர்கள்? ஒரு நாள் என்று போட்டிருந்தால் இன்றே கூட்டுங்கள். அதை வைத்துத்தான் போய்ச்சேரும் திகதியை ஈபே வாங்குபவருக்குக் காட்டுகிறது. போயாவுக்குத் தபால் கந்தோர் பூட்டியிருப்பதும், மழைக்கு மண் சரிந்து பாதை அடைபடுவதும் அதற்கு எப்படித் தெரியும்? சாதாரணக் கடிதமாக அனுப்பாமல் பதிவுத் தபாலில் போடுங்கள், நேரத்துக்கு அனுப்பியதைக் காட்ட கையில் ஓர் இலக்கமாவது இருக்கும். கூடுதல் செலவை விலையில் சேர்த்துவிடுங்கள். உறையில் நல்ல முத்திரையாகப் பார்த்து ஒட்டுங்கள், சேகரிக்கிறவர்கள் அதையும் வெட்டி எடுத்து வைப்பார்கள்.