பெரியப்பா சொல்லும் கோர்ஸும் பெண் போட்ட மேக்ரோவும்

"மகள் பி.காம். முடித்துவிட்டு ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்த்தே ஆகணும் என்று அவள் பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். கடன் வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் கடன் வாங்காதீர்கள்.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, "ராத்திரியெல்லாம் எக்செல்லில் ஏதோ மேக்ரோ போட்டு நேரத்தை வீணாக்குகிறாள்" என்று? மேக்ரோ என்பது, திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை எக்செல்லே தானாகச் செய்ய எழுதிவைக்கும் கட்டளைகள். அந்தக் கோப்பை அவளிடமே கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

மாதத்துக்கு ஒரு ஷீட், எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் வரிசைக்கு மேல் பில்கள். முதலில், நாம் செய்வதைப் பார்த்து மேக்ரோவாகப் பதிந்துகொள்ளும் ரெக்கார்டரை ஓடவிட்டு மேக்ரோ எடுத்திருக்கிறாள். எங்கிருந்து தட்டினாலும் அது 212-வது வரிசைக்கே போய் நின்றதாம். ரெக்கார்டர் நீங்கள் தொட்ட கட்டத்தின் முகவரியை அப்படியே எழுதிக்கொள்ளும். 'ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ்' போட்டால்தான் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடும். அதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். அப்புறம் இன்னொரு தொல்லை: கடைசிப் பதிவுக்குப் போகக் கன்ட்ரோலும் கீழ் அம்புக்குறியும் தட்டினால் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலே நின்றுவிடும். அதனால் ஷீட்டின் கடைசியான 10,48,576-வது வரிசைக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறச் சொல்லியிருக்கிறாள். முதலில் தட்டுப்படுவதுதான் கடைசிப் பதிவு. இப்போது ஒரு பொத்தான் பில் எண்ணைக் கேட்டு, எல்லா ஷீட்டிலும் தேடி, அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இன்னொரு பொத்தான், விட்ட இடத்துக்கே திரும்பக் கூட்டிவருகிறது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. வேலை செய்கிறவரின் எரிச்சல் தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

மேக்ரோ பழைய சரக்கு என்பார் பெரியப்பா. பழசுதான், மேக்ரோ எழுதும் மொழியான வி.பி.ஏ. எக்செல்லில் வந்தது 1993-இல். அதில் எழுதிய கோப்புகள் இன்னமும் அலுவலகங்களில் ஓடுகின்றன. அவற்றைப் படித்துத் திருத்த ஆள் வேண்டும். எம்.ஐ.எஸ். எனப்படும் நிர்வாகத் தகவல் அறிக்கை, ரிப்போர்ட்டிங் வேலைகளுக்கு இது நல்ல படி. மேக்ரோ மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். அடுத்து, தரவைத் திரட்டிச் சீராக்கும் எக்செல் கருவியான பவர் குவெரி, அப்புறம் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். இந்த வரிசையில் போனால் டேட்டா வேலையே ஒருநாள் அவள் கைக்கு வரலாம்.

செலவு? வீட்டில் எக்செல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம். அதிலும் மேக்ரோ எழுதலாம், வி.பி.ஏ. எல்லாம் அப்படியே ஓடாது, அவ்வளவுதான். அவள் விரும்பிக் கேட்காத படிப்புக்கு வட்டி கட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அவளிடம் ஒன்று சொல்லுங்கள்: மேக்ரோ ஷீட்டில் எதையாவது மாற்றிவிட்டால் 'அன்டூ' கைகொடுக்காது, எப்போதும் நகலில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சரி, பெரியப்பாவை என்ன செய்வது? இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்பை அவர் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். ஒரு பில்லை முதலில் அவர் மவுஸை உருட்டியே தேடட்டும். அப்புறம் பொத்தானைக் காட்டலாம்.