ட்ரோன் படத்தை நம்பித் தண்ணீர் விடலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே 6 ஏக்கரில் சொட்டுநீர்ப் பாசனத்தில் மக்காச்சோளம் பயிரிட்டுள்ளேன். ட்ரோனில் படம் எடுத்து, விட வேண்டிய தண்ணீரின் அளவைச் சொல்லிவிடுவதாக ஒருவர் கூறுகிறார். அதற்குப் பணம் கொடுக்கலாமா?

பதில்: அவர் வானிலைத் தரவையும் சேர்த்துக் கணக்கிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள், வெறும் வண்ணப் படத்திலிருந்து லிட்டர் கணக்கு வராது. வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றிலிருந்து பெறும் அன்றைய அடிப்படை நீராவிப்போக்கை (மண்ணும் இலையும் ஆவியாக இழக்கும் நீரின் பொது அளவு) பயிர்க் கெழுவால் (பயிருக்கும் அதன் பருவத்துக்கும் உரிய பெருக்கு எண்) பெருக்கினால் கிடைப்பதே பயிரின் தேவை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, மக்காச்சோளத்தின் கெழு தொடக்கத்தில் 0.3 அளவில் இருந்து, கதிர் பிடிக்கும் பருவத்தில் 1.2 ஆக உயர்கிறது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் எதிரொளிப்பைக் கொண்டு இலைப்பரப்பை மதிப்பிட்டு, அட்டவணை தரும் இந்தப் பொது எண்ணை உங்கள் வயலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்பத் திருத்துவதற்கே படம் உதவுகிறது.

அடிப்படை நீராவிப்போக்கு 5 மி.மீ., கெழு 1.2 எனில் தேவை 6 மி.மீ.; ஏக்கருக்கு 1 மி.மீ. ஏறத்தாழ 4,050 லிட்டர் என்பதால், இது ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 24,300 லிட்டர். பாசனத் திறனை 90 விழுக்காடாகக் கொண்டால் 27,000 லிட்டர் விட வேண்டும். படத்தில் ஒரு மூலை மெலிந்து, அங்கே கெழு 0.9 எனக் காட்டினால், இறங்கிப் பார்க்காமல் அங்கே வால்வு நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். டிரிப்பர் அடைத்துக்கொண்டதால் வாடிய பயிருக்குத் தண்ணீரையும் குறைத்தால் அது மேலும் கெடும்.

இந்தப் படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. தண்ணீர் போதாதபோது இலைத்துளைகள் மூடிக்கொண்டாலும் இலையின் பச்சை உடனே மாறாது; ஆனால் நீராவிப்போக்கு குறைவதால் இலை சூடேறும். அதைக் காண வெப்பப்படக் கேமரா வேண்டும். மேகமில்லாத நாளில், நண்பகலை ஒட்டிப் பறக்கவிட வேண்டும். பயிர் மூடாத இளம் வயலில் வெறும் மண்ணின் சூடும் கலந்துவிடுவதாலும், இத்தகைய கேமராக்களின் அளவீடு சில டிகிரி பிசகக்கூடும் என்பதாலும், தனியொரு எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், நன்கு நீர் பாய்ச்சிய வரிசையோடு மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

என் கருத்தில், சீரான 6 ஏக்கருக்குப் பல்நிறமாலைப் படத்துக்காக (மேலே சொன்ன சிவப்பு, அகச்சிவப்பு ஒளிப் படம்) பணம் செலவழிக்கத் தேவையில்லை. மேகம் மறைக்காத நாட்களில் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் (ஒரு புள்ளி 10 மீட்டர் அகல நிலத்தைக் காட்டும்) இலவசமாகவே கிடைக்கின்றன. கொடுப்பதானால், பூக்கும் பருவத்தில் ஒருமுறை வெப்பப்படத்துக்குக் கொடுங்கள்; அப்பருவத்தின் நீர்ப்பற்றாக்குறைதான் மணிபிடிப்பை அதிகம் பாதிக்கும்.