44 கோடி டாலர் வசூல். அடுத்த பாகம் ஏன் வரவில்லை?

கேள்வி: 2015-இல் வந்த ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ 15.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க 44 கோடி டாலர் வசூலித்தது. அமெரிக்காவைவிடச் சீனாவில் அதிகம். அப்படியும் அதைத் தோல்விப் படம் என்கிறார்கள்; தேதி குறித்திருந்த அடுத்த இரண்டு பாகங்களையும் கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்க வசூலை மட்டும் பார்த்து முத்திரை குத்துவது நியாயமா? ஹாலிவுட்டின் விஞ்ஞானப் படங்களுக்கு இன்று சோறு போடுவது வெளிநாடுதானே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வெளிநாடு சோறு போடுகிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் 44 கோடி, டிக்கெட் கவுன்டரில் விழுந்த பணம். தயாரிப்பாளர் கைக்கு வந்த பணம் அல்ல. நம் ஊர்ப் படம் என்றால் கிராஸ் (மொத்த டிக்கெட் வசூல்) எவ்வளவு, ஷேர் (தயாரிப்பாளருக்கு வரும் பங்கு) எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறோம். ஹாலிவுட் படம் என்றதும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். நாட்டுக்கு நாடு ஷேர் மாறும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் உயிர்நாடி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து தந்தது ஏறத்தாழ 9 கோடி. அங்கே ஸ்டுடியோவுக்குப் பாதிக்குச் சற்று மேல் வரும், 4.8 கோடி என்று வையுங்கள். சீனா தந்தது 11.3 கோடி. அங்கே ஒப்பந்தப்படி கிடைப்பது 25 சதவீதம்தான், ஆக 2.8 கோடி. மற்ற நாடுகளில் வந்த 23.8 கோடியில், சராசரியாக 40 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தால், 9.5 கோடி. மொத்தம் 17 கோடியைச் சுற்றி நிற்கிறது. படத்தின் செலவு 15.5 கோடி. இந்த அளவுப் படத்தை உலகம் முழுக்க விளம்பரப்படுத்தி வெளியிட இன்னொரு 10 கோடி ஆகும். எட்டுக் கோடிக்கு மேல் துண்டு விழுகிறது. டி.வி., டிஸ்க், ஸ்ட்ரீமிங் உரிமைகள் அதில் ஒரு பகுதியை அடைக்கும். ஆனால் அதை நம்பி இன்னொரு 15 கோடியைப் போட யார் துணிவார்கள்? இதில் அமெரிக்க வெறியோ, விமர்சகர் சதியோ எதுவும் இல்லை. அமெரிக்காவைவிட 2.3 கோடி அதிகம் வசூலித்த சீனா, தயாரிப்பாளருக்கு அமெரிக்காவைவிட 2 கோடி குறைவாகத் தந்திருக்கிறது.

அந்த 25 சதவீதமே போராடிப் பெற்றது. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு முன் அது 13 சதவீதமாக இருந்தது. வசூலில் பங்கு பெறும் வெளிநாட்டுப் படங்கள் ஆண்டுக்கு 20 என்றிருந்ததும் அப்போதுதான் 34 ஆனது. கூடுதலாக வந்த 14 இடங்களும் 3டி, ஐமேக்ஸ் படங்களுக்கு. விஞ்ஞானப் படங்களுக்கு இந்தச் சலுகை நேராகப் பலன் தந்தது. ஒதுக்கீட்டில் இடம் பிடிக்காத படங்களை அவுட்ரைட்டாக ஒரு தொகைக்கு விற்றுவிட வேண்டியதுதான். அதன்பின் அங்கே எவ்வளவு ஓடினாலும் லாபம் வாங்கியவருக்கே.

ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும் ரிலீஸ் தேதி ஸ்டுடியோ கையில் இல்லை. சைனா ஃபிலிம் குரூப் என்ற அரசு நிறுவனம் சொல்வதுதான் தேதி. கோடை விடுமுறையின் நடுப்பகுதியை, குறிப்பாக ஜூலையை, உள்ளூர்ப் படங்களுக்கென ஒதுக்கி வைப்பது அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. ‘ஜெனிசிஸ்’ அமெரிக்காவில் ஜூலை 1-இல் வந்தது. சீனாவில் ஆகஸ்ட் 23-இல்தான் வர முடிந்தது. ஏறத்தாழ எட்டு வார இடைவெளியில் திருட்டுப் பிரதி பரவுகிறது, கதை வெளியே தெரிந்துவிடுகிறது, உலகளவில் செய்த விளம்பரத்தின் சூடும் ஆறிவிடுகிறது. படம் ஓடும் காலத்துக்கும் எல்லை உண்டு. டிஜிட்டல் பிரிண்டைத் திறக்கும் கே.டி.எம். சாவி, நம் தியேட்டர்காரர்கள் ரிலீஸ் காலையில் பதற்றத்தோடு காத்திருக்கும் அதே சாவிதான், சீனாவில் பொதுவாக ஒரு மாதத்துக்குத்தான் தரப்படும். கூட்டம் இருந்தால் நீட்டிப்பார்கள். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் அன்றோடு சரி. பணம் கைக்கு வருவதும் நிச்சயமில்லை: 2 சதவீத மதிப்புக் கூட்டு வரியை யார் கட்டுவது என்ற தகராறில், 2013-இல் பல மாதம் ஹாலிவுட் ஸ்டுடியோக்களுக்குச் சேர வேண்டிய பங்கு நின்றுபோய், ஆகஸ்டில்தான் தீர்வு வந்தது.

பங்குத் தகராறு சீனாவின் தனிச்சொத்தும் அல்ல. 2022 டிசம்பரில் வந்த ‘அவதார்’ இரண்டாம் பாகத்துக்கு விநியோகஸ்தர் கேட்ட சதவீதம் அதிகம் என்று கேரளத் தியேட்டர் உரிமையாளர்கள் திரையிட மறுத்து, பிறகு சமரசத்துக்கு வந்தார்கள்.

இதோடு டாலர் மாற்று விகிதமும் இருக்கிறது. 2013 நடுவில் ஒரு டாலருக்கு 33 ரூபிள் என்றிருந்த ரஷ்யாவில், 2015 ஆகஸ்டில் 60 ரூபிளைத் தாண்டியது. அதே எண்ணிக்கையில் ரசிகர்கள் அதே ரூபிளைக் கொடுத்து வந்தாலும் டாலர் கணக்கில் பாதிதான் தேறும். வசூல் குறைந்தது என்ற செய்தியைப் படித்ததும் ரசனை மாறிவிட்டது என்று எழுதுபவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் நல்லது. கொரியாவில் ரசிகர்களின் எண்ணிக்கையைச் சொல்வதால் இந்தக் குழப்பம் இல்லை. ஐந்து கோடிப் பேர் வாழும் அந்நாட்டில் ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்துக்கு ஒரு கோடி டிக்கெட்டுக்கு மேல் விற்றது. ஒரு படம் ஒரு நாட்டில் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு எந்த டாலர் கணக்கைவிடவும் இதுவே நல்ல சான்று.

எல்லா விஞ்ஞானப் படங்களும் கடல் தாண்டுவதும் இல்லை. உங்கள் கேள்வியில் நான் முக்கியமாக மறுப்பது இதைத்தான். 2009-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ அமெரிக்காவில் 25.8 கோடி, மற்ற உலகம் முழுவதும் சேர்ந்து 12.8 கோடி. அதே ஆண்டின் ‘அவதார்’ (பின்னாள் மறுவெளியீடுகளையும் சேர்த்து) மொத்தம் 292 கோடி. அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானது வெளிநாட்டுப் பணம். இரண்டிலும் விண்வெளி உண்டு, வேற்றுலகவாசிகள் உண்டு. முதலாவது, 1966-இல் தொடங்கிய அதே பெயர் கொண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோடு வளர்ந்தவர்களின் நினைவை நம்பியிருக்கிறது. மற்றதற்கு எந்த முன்னறிவும் வேண்டாம், சீட்டில் உட்கார்ந்தால் போதும்.

‘ஸ்டார் வார்ஸ்’ சீனாவில் பட்ட பாடு இதைவிடத் தெளிவான பாடம். 1977 முதல் 1983 வரை வந்த முதல் மூன்று படங்கள் அந்தக் காலத்தில் அங்கே தியேட்டருக்கே வரவில்லை. 2015 ஜூனில்தான் ஷாங்காய் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் பெருஞ்சுவரின் படிகளில் 500 ஸ்டார்ம்ட்ரூப்பர் (அந்தப் படங்களில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்) பொம்மைகளை அணிவகுத்து நிறுத்தினார்கள். அந்த விளம்பர வேகத்தில் ‘தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ 12.4 கோடி எடுத்தது. அடுத்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ 4.2 கோடிக்கு இறங்கியது. 2019-இல் வந்த கடைசிப் பாகம் 2 கோடியைச் சுற்றி நின்றது. அப்பா யார், மகன் யார் என்று நாற்பது ஆண்டு பழகிய ரசிகனுக்குத்தான் அந்தக் கதையின் திருப்பம் நெஞ்சில் இறங்கும். பாசத்தை விளம்பரம் கொடுத்து ஒரு வருடத்தில் வளர்க்க முடியாது.

பெரிய உருவம், பெரிய சத்தம் போதும் என்ற கணக்கும் நிலைக்கவில்லை. 2013-இல் ராட்சத ரோபோக்கள் மோதும் ‘பசிஃபிக் ரிம்’ அமெரிக்காவில் 10.2 கோடி, சீனாவில் 11.2 கோடி. அந்தச் சீன வசூலை நம்பித்தான் 2018-இல் இரண்டாம் பாகம் வந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் சீனாவின் திரைகள் 18 ஆயிரத்திலிருந்து 60 ஆயிரமாகப் பெருகியிருந்தன. சீன நடிகையும் இருந்தார். தயாரித்த லெஜண்டரி நிறுவனமே சீனாவின் வாண்டா குழுமத்தின் கையில் இருந்தது. இத்தனைக்கும் 10 கோடியைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் 6 கோடி. மறு ஆண்டே சீனர்கள் எடுத்த ‘தி வாண்டரிங் எர்த்’ ஏறத்தாழ 70 கோடி டாலர் வசூலித்தது. அதில் மிகப் பெரும்பகுதி சீன மண்ணிலேயே வந்தது. பிரம்மாண்டத்துக்காக ஹாலிவுட்டை எதிர்பார்க்க வேண்டிய தேவை அங்கே முடிந்துவிட்டது.

அடுத்த முறை ‘உலக வசூல்’ என்று ஒரு செய்தி வந்தால், முதலில் நாடுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அமெரிக்க வசூலைப் பாதியாகவும், சீனாவைக் காலாகவும், மற்றதை இரண்டரையில் ஒரு பங்காகவும் எடுத்துக்கொண்டு, பட்ஜெட்டோடு விளம்பரச் செலவையும் கூட்டி ஒப்பிடுங்கள். துல்லியம் வராது, ஆனால் தலைப்புச் செய்தியைவிட உண்மைக்கு அருகில் வரும்.

‘டெர்மினேட்டர்’ தயாரிப்பாளர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான், கதையை மாற்றி 2019-இல் ‘டார்க் ஃபேட்’ எடுத்தார்கள். இந்த முறை சீனத் தேதியும் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் வந்த அதே நவம்பர் 1-இல் அங்கேயும் வெளியானது. செலவு 18.5 கோடிக்குக் குறையாது. உலகம் முழுக்க வந்த கிராஸ் 26 கோடி. அதில் சீனா தந்தது சுமார் 5 கோடி.