ஆம்பளை மாதிரியா?

கேள்வி: கைப்பையைப் பறிக்க வந்தவனை என் மகள் விரட்டிவிட்டாள். "ஆம்பளை மாதிரி நின்னாளே!" என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. இதில் என்ன தப்பு?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அவள் கோபம் நியாயமானதுதான், அம்மா. துணிந்தது அவள், பெயர் போனது ஆம்பளைக்கு. பயந்த பையனைப் 'பொட்டை' என்று திட்டுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

நம் தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913-இல் காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. அவள் யார் மாதிரி நின்றாள்?

1956 ஆகஸ்ட் 9 அன்று, கறுப்பின மக்கள் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் திரண்ட பெண்கள், "பெண்களைத் தொட்டால் பாறையைத் தொட்டாய்" என்று பாடினார்கள். அதில் வரும் 'இம்போகோடோ' என்ற ஜூலு சொல்லுக்கு அரைக்கும் கல் என்றும் பொருள் உண்டு. நம் அம்மிக்குழவி! அடுப்படியிலிருந்தே எடுத்த உவமை. எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

தமிழிலும் துணிவு, மறம், திடம், நெஞ்சுரம் எல்லாம் இருக்கின்றன. சரி, இன்று ராத்திரியே மகளிடம் சொல்லுங்கள்: "நீ திடமா நின்னே, கண்ணு."