மேட்டூர் அணையின் தண்ணீரோரத்துச் சிற்றூர்கள் எப்படி வந்தன?

சேலம் மாவட்டத்தில் கொளத்தூர் பக்கம் போனால் பண்ணவாடி, கோட்டையூர் என்று தண்ணீரை ஒட்டியே ஊர்கள் இருக்கும். இவற்றைக் கரையூர் எனலாம். அதாவது, நீர்த்தேக்கத்தின் விளிம்பில் மீன், பரிசல், விவசாயம் என்று பிழைக்கும் ஊர்.

இந்தக் கரை இயற்கையாக வந்ததல்ல. 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934-இல் முடிந்தது. 120 அடிக்குத் தண்ணீர் தேங்கும் இடத்தில் இருந்த காவிரிக்கரை ஊர்கள் காலியாயின. சனங்களில் பலர் மேட்டுக்கு ஏறிக் குடியேறினார்கள். தேங்கிய தண்ணீரை நம்பி மீன்பிடிப்பவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

சரி, தண்ணீர் ஓரிடத்தில் நிற்காதே? தாம்பாளத்தை லேசாகச் சாய்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்; பிறகு அதில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். ஆழம் கொஞ்சம்தான் குறையும், ஆனால் ஒரு பக்கம் நிறையவே காய்ந்துவிடும். சரிவு குறைந்த கரையிலும் அப்படித்தான். நீர் இறங்கியதும் வண்டல் படிந்த ஈர மண் வெளிப்படும். அதில் சோளமும் நிலக்கடலையும் விதைப்பார்கள். நேற்றுப் பரிசல் போன இடத்தில் இன்று ஏர் ஓடும். அணை நிரம்பினால் மறுபடியும் வலைதான். இந்த இரட்டைப் பிழைப்பில் இருக்கும் உழைப்பை நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை.

அப்புறம், நீர் குறையும்போது பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தி சிலையையும் தேவாலயக் கோபுரத்தையும் தண்ணீருக்குள்ளேயே கட்டியதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; கட்டியபோது அங்கே சனங்கள் வாழ்ந்த ஊர் இருந்தது, தண்ணீர் பிறகுதான் வந்தது.